ஆட்டம் ஹார்ட் மதர்: பசுமாட்டு அட்டை போட்ட ஆல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிங்க் ஃப்ளாய்ட் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால், 1973க்குப் பிறகு வந்த ஆல்பங்களைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள். 1970இல் வந்த இந்த ஆல்பத்தின் பேச்சை எடுத்தாலோ, "மாட்டுப் படம் போட்டதுதானே?" என்பதோடு முடிந்துவிடும். எனக்கு இது மனதுக்கு மிக நெருங்கிய இசைத்தட்டு. புதிதாகக் கேட்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

முதலில், இது என்ன ஆல்பம்?

பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் ஐந்தாவது ஸ்டூடியோ ஆல்பம். 1970 அக்டோபரில் ஹார்வெஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. பதிவு நடந்தது லண்டன் அபே ரோட்டில் இருக்கும் ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில். தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே படைப்பு, ஆல்பத்தின் பெயர்தான் அதற்கும். 23 நிமிடத்துக்கு மேல் ஓடும். டேவிட் கில்மோர், ராஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் ஆகிய நால்வரோடு பத்து பித்தளை ஊதுகருவிகள், ஒரு செல்லோ, ஒரு பெரிய கோரஸ் எல்லாம் உண்டு. பாடல் வரி என்று எதுவும் கிடையாது. இரண்டாம் பக்கத்தில் மூன்று சின்னப் பாடல்களும், காலை உணவு சமைக்கும் ஓசைகளோடு 13 நிமிடம் ஓடும் ஒரு துண்டும் இருக்கின்றன.

பிரிட்டனில் முதலிடம் பிடித்த அவர்களுடைய முதல் ஆல்பம் இதுதான். அமெரிக்காவில் 55ஆம் இடத்தோடு நின்றது.

பெயருக்கு என்ன அர்த்தம்?

"ஆட்டம்பாம்" என்கிறோமே, அந்த ஆட்டம்தான் இது. அதாவது அணு. அணு, இதயம், தாய் என்று மூன்று சொற்கள் சேர்ந்து நிற்கின்றன. பெயருக்கும் இசைக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

1970 ஜூலை 16 அன்று பி.பி.சி. வானொலிக்காக ஜான் பீலின் நிகழ்ச்சியில் இந்தப் படைப்பை வாசிக்க வந்திருந்தார்கள். அறிவிப்பாளருக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டும், இவர்களிடம் பெயர் இல்லை. அங்கே ஈவினிங் ஸ்டாண்டர்ட் செய்தித்தாள் ஒன்று இருந்தது. "அதில் தேடு, கிடைக்கும்" என்று சொன்னவர், இந்தப் படைப்புக்குப் பித்தளை, கோரஸ் பகுதிகளை எழுதிய ரான் கீசின். அணுசக்தியால் இயங்கும் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி அன்றைய தாளில் வந்திருந்தது. வாட்டர்ஸ் அதிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். அதற்கு முன்பு வரை இதை "தி அமேசிங் புட்டிங்" என்று சொல்லித்தான் மேடையில் அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரே நிலைத்திருந்தால் இந்த இசைக்கு இன்று இருக்கும் கனம் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ராக் குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்வது இதுதான் முதல் தடவையா?

இல்லை. 1967லேயே மூடி புளூஸ் குழு ஒரு ஆர்க்கெஸ்ட்ராவோடு முழு ஆல்பம் கொண்டுவந்தது. ஆனால் அதில் குழு வாசிப்பதும் ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பதும் பெரும்பாலும் மாறி மாறித்தான் வரும். 1969 செப்டம்பரில் டீப் பர்ப்பிள் குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு மேடை ஏறியது. அந்தக் காலத்து ப்ராக்ரசிவ் ராக் குழுக்களுக்கு இப்படி ஒரு ஆசை பரவலாகவே இருந்தது. மூன்று நிமிடப் பாட்டுக்குள் அடங்காததைச் சொல்ல வேண்டும் என்ற தவிப்பு அது.

பிங்க் ஃப்ளாய்ட் இதில் வேறுபட்டது எங்கே என்றால், அவர்கள் வயலின் கூட்டத்தை அழைக்கவில்லை. மூன்று ட்ரம்பெட், மூன்று ஹார்ன், மூன்று ட்ரோம்போன், ஒரு ட்யூபா, அவ்வளவுதான். நரம்புக் கருவி என்று பார்த்தால் ஒற்றைச் செல்லோ. அதனால் ஆர்க்கெஸ்ட்ரா சேர்த்த மற்ற ராக் ஆல்பங்களில் வரும் இனிப்பு இதில் கிடையாது. பித்தளையின் முரட்டுத்தனம் இருக்கும், அதன் பக்கத்திலேயே தனியாக ஒரு செல்லோ அழும். இந்தச் சேர்க்கைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

இந்த 23 நிமிடம் எதிலிருந்து பிறந்தது?

கில்மோர் கிட்டாரில் தட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன மெட்டிலிருந்து. கௌபாய் படத்துக்குப் போட்ட இசை மாதிரி அது அவருக்கே பட்டது. குதிரைகள் தூசி கிளப்பிக்கொண்டு வரும் காட்சிக்குப் பொருத்தமான மெட்டு. மற்ற மூவரும் அதோடு ஆளுக்கொரு துண்டை ஒட்டினார்கள். 1970 தொடக்கத்திலேயே, பித்தளையும் கோரஸும் இல்லாமல், நால்வராக மேடைகளில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வாசிக்க வாசிக்க அது நீண்டுகொண்டே போனது.

நீண்டதே தவிர, முழுமையாகவில்லை. தாளமும் கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளும் கையில் இருந்தன, மேலே ஓட ஒரு குரல் இல்லை. அடுத்து என்ன செய்வது என்று அவர்களுக்கே தெரியாமல்தான் வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார்கள்.

யார் இந்த ரான் கீசின்?

ஸ்காட்லாந்துக்காரர், 1943இல் பிறந்தவர். பாஞ்சோ வாசிப்பார், பியானோ வாசிப்பார், டேப்பை வெட்டி ஒட்டி விநோத ஒலிக்கோலங்கள் செய்வார். எந்தப் பள்ளிக்கும் அடங்காத கலைஞர். மேசன் வழியாகக் குழுவுக்கு அறிமுகமானவர். வாட்டர்ஸோடு கோல்ஃப் ஆடும் அளவுக்கு நட்பு. அதே 1970இல் மனித உடலைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்கு வாட்டர்ஸும் அவரும் சேர்ந்து இசையமைத்திருக்கிறார்கள்.

குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பும்போது, தாங்கள் வாசித்துப் பதிவு செய்த அடித்தள டேப்பைக் கீசின் கையில் கொடுத்துவிட்டுப் போனது. பித்தளைக்கும் கோரஸுக்கும் எழுதச் சொன்னார்கள். ரைட் அவரோடு உட்கார்ந்து கோரஸ் பகுதியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார், கில்மோர் சில மெட்டு யோசனைகள் சொன்னார். மற்றதெல்லாம் கீசினின் தனி உழைப்பு. லண்டனின் வெயிற்காலம், மேல்மாடி அறை, புழுக்கம் தாங்காமல் உள்ளாடையோடு உட்கார்ந்து ஒவ்வொரு கருவிக்கும் இசைக்குறிப்பு எழுதினார்.

படைப்பின் ஆசிரியர்களாக ஐந்து பெயர்கள் இருக்கின்றன. ஐந்தாவது பெயர் கீசின். இந்த இசையை ரசிக்கிறவர்கள் அந்த ஐந்தாவது பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. காதில் நிற்கும் மெட்டுகளில் பாதிக்கு மேல் அவருடைய பேனாவிலிருந்து வந்தவை.

கேட்கும்போது வேகம் சில இடங்களில் கூடிக் குறைகிற மாதிரி இருக்கிறதே, என் காதில்தான் கோளாறா?

உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. வேகம் உண்மையிலேயே மாறுகிறது.

அபே ரோட்டுக்கு அப்போதுதான் எட்டு ட்ராக் ரெக்கார்டர்கள் வந்திருந்தன. ஓர் அங்குல அகல டேப்பில் பதிவாகும். அந்த டேப்பை யாரும் வெட்டி ஒட்டக் கூடாது என்று ஈ.எம்.ஐ. நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. வழக்கமாக நீளமான படைப்பைத் துண்டு துண்டாக வாசித்துப் பதிவு செய்வார்கள், பிறகு நல்ல துண்டுகளைச் சேர்ப்பார்கள். இங்கே அந்த வழி அடைபட்டது. வாட்டர்ஸ் பேஸ் கிட்டாரோடும் மேசன் டிரம்ஸோடும் உட்கார்ந்து, முழு 23 நிமிடத்தையும் ஒரே மூச்சில் வாசித்தார்கள்.

அதை ஒரு நிமிடம் கற்பனை செய்து பாருங்கள். மெட்டு இல்லை, கிட்டார் இல்லை, கோரஸ் இல்லை. பேஸும் டிரம்ஸும் மட்டும். இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறோம், இன்னும் எத்தனை சுற்று பாக்கி, அடுத்தது எப்போது மாறுகிறது என்று எல்லாவற்றையும் மனக்கணக்காகவே வைத்துக்கொள்ள வேண்டும். காதில் டிக் டிக் என்று வேகம் காட்டும் கருவியும் கிடையாது. இருபதாவது நிமிடத்தில் ஒரு தப்பு நடந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்த நிலைமையில் வேகம் கொஞ்சம் நெகிழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த நெகிழ்ச்சி மேல்தான் மற்ற எல்லாம் அடுக்கப்பட்டது. கீசின் தன் குறிப்புகளை அதற்கேற்ப எழுத வேண்டியிருந்தது, பித்தளைக்காரர்கள் அதற்கேற்ப ஊத வேண்டியிருந்தது.

மேசன் பின்னாளில் இதை ஒரு குறையாகவே சொல்லியிருக்கிறார். எனக்கு அது குறையாகப் படவில்லை. பெரிய பித்தளை மெட்டு திரும்பி வரும் இடங்களில் வேகம் லேசாக அசைவது, ஒரு பெரிய மிருகம் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

"ஒன்று எங்கே?" என்று ஒரு சண்டை நடந்ததாமே?

ஆமாம், இதைக் கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஒரு தாளச் சுற்றில் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை எடுப்பு என்கிறோம். சமத்தில் எடுக்கிறதா, தள்ளி எடுக்கிறதா என்பதில்தான் பாட்டின் நடையே இருக்கிறது.

டேப்பைக் கேட்டு எழுதும்போது ஒரு பகுதியில் கீசின் ஒரு அடியை "ஒன்று" என்று பிடித்துக்கொண்டார். கோரஸ் தாளத்தோடு சொற்கட்டுப் போல உச்சரிக்கும் பகுதி அது. மேசனுக்கோ அந்தச் சுற்றின் "ஒன்று" வேறு இடத்தில். ஒத்திகையின்போதுதான் இது வெளியே வந்தது. பணம் கொடுத்து அழைத்த கலைஞர்கள் காத்திருக்கிறார்கள், முழுவதையும் திரும்ப எழுத நேரம் இல்லை. கடைசியில் மேசனின் கணக்கே நின்றது. அதனால் கோரஸ், கீசின் மனதில் கேட்டதிலிருந்து ஒரு அடி தள்ளி விழுகிறது. அந்தப் பகுதியில் நமக்கு ஏற்படும் அந்த மெல்லிய தடுமாற்ற உணர்வுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலிப்பதிவில் பித்தளைக் கலைஞர்களோடு தகராறு என்கிறார்களே?

உண்மைதான். அவர்கள் ஸ்டூடியோ வேலையில் ஊறியவர்கள். கீசினோ ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திப் பழக்கம் இல்லாதவர். அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியும், அதை அவர்கள் பாஷையில் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் வேண்டுமென்றே குறுக்குக் கேள்வி கேட்டார்கள், சிரித்தார்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு எழுதிய மனிதர், ஒரு கட்டத்தில் ஒருவரை அடிக்கப் போகும் நிலைக்கு வந்துவிட்டார்.

அப்போது கோரஸின் தலைவர் ஜான் ஆல்டிஸ் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நவீன இசையைப் பாடுவதில் பெயர் பெற்றிருந்த ஜான் ஆல்டிஸ் கோரஸ் அவருடையது. புதுமையான குறிப்புகளைக் கண்டு பயப்படாதவர், கலைஞர்களை எப்படிக் கையாள வேண்டும் என்றும் தெரிந்தவர். அவர் கையசைக்க ஆரம்பித்ததும் வேலை ஓடியது. கீசின் ஒதுங்கி நின்று பார்த்தார். தான் எழுதியதை இன்னொருவர் நடத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகும்.

ஒலி ஏன் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது?

கோரஸுக்கும் பித்தளைக்கும் அடித்தள டேப்பைப் பெரிய ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டுக் காட்டினார்கள். அந்தச் சத்தம் அவர்கள் முன்னால் இருந்த மைக்கிலும் சேர்ந்து விழுந்தது. ஒருமுறை விழுந்தால் பிரிக்க முடியாது. நல்ல ஹெட்ஃபோனில் கேட்டாலும் அந்தப் புகைமூட்டம் விலகாது, உங்கள் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

பகுதிகளுக்குத் தனிப் பெயர்கள் இருக்கின்றனவே, எது எங்கே தொடங்குகிறது?

ஆறு பெயர்கள் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் எது எந்த நிமிடம் என்று போடவில்லை. அதனால் ரசிகர்களுக்குள் வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. நான் கேட்கும் முறையை இங்கே சொல்கிறேன்.

"ஃபாதர்ஸ் ஷௌட்": அடித்தொண்டையில் ஒரு ஓசை கிளம்பும். பித்தளை ஒவ்வொன்றாக எழுந்து, ஏதோ தேடுவது போல மோதும். பிறகு டிரம்ஸ் விழுந்ததும் பெரிய மெட்டு நிமிர்ந்து நிற்கும். நடுவில் குதிரைக் கனைப்பும், வெடிச்சத்தமும், மோட்டார் சைக்கிள் ஒன்று கிளம்பி விரையும் ஓசையும் வரும்.

சுமார் 3ஆம் நிமிடத்தில் எல்லாம் அடங்கும். "பிரெஸ்ட் மில்க்கி" இதுதான். ஆர்கன் மெல்ல ஓட, செல்லோ உள்ளே வரும். வாசித்தவர் ஐஸ்லாந்துக் கலைஞர் ஹாஃப்லிடி ஹால்கிரிம்சன். எவ்வளவு எளிமையான மெட்டு தெரியுமா! அவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகு ஒற்றைக் குரலில் ஒருவர் பேசுகிற மாதிரி இருக்கும். அப்புறம் அதே வெளியில் கில்மோரின் ஸ்லைடு கிட்டார் ஏறும். செல்லோ தொடங்கி வைத்த வாக்கியத்தைக் கிட்டார் முடித்து வைக்கும். யாருக்காவது இந்த ஆல்பத்தை அறிமுகம் செய்ய எனக்கு ஒன்றரை நிமிடம்தான் கிடைக்கும் என்றால் இந்த இடத்தைத்தான் போட்டுக் காட்டுவேன்.

ஐந்தரை நிமிடத்தை ஒட்டி "மதர் ஃபோர்". ஆர்கன் மேல் பெண் குரல்கள் சொல் ஏதும் இல்லாமல் எழும். முதலில் ஒன்றிரண்டு, பிறகு இன்னும் சில, பிறகு ஆண் குரல்கள் அடியிலிருந்து. டிரம்ஸ் எப்போது சேர்ந்தது என்றே தெரியாமல் சேரும். அவசரமே இல்லாமல் நாலைந்து நிமிடம் ஏறிக்கொண்டே போய் உச்சியில் நிற்கும். முழுப் படைப்பின் இதயம் இதுதான் என்பேன்.

10ஆம் நிமிடத்துக்குப் பிறகு "ஃபங்கி டங்". கோரஸ் போய் குழு நால்வர் மட்டும், சாவகாசமான ப்ளூஸ் வாசிப்பு. இதன் பின்பாதியில்தான் நான் மேலே சொன்ன சொற்கட்டு வரும். 15 நிமிடம் கடந்ததும் "மைண்ட் யுவர் த்ரோட்ஸ் ப்ளீஸ்". இசையே உடைந்து ஓசைக் குவியலாகிவிடும். அதிலிருந்து ஒரு குரல் அறிவிப்புச் செய்யும். கொஞ்சம் பொறுமை வேண்டும் இந்த இரண்டு நிமிடத்துக்கு.

கடைசியில் "ரிமர்ஜென்ஸ்". பழைய துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் திரும்பி வரும். "ஸ்டூடியோவில் அமைதி!" என்று ஒருவர் கத்துவார், உடனே பெரிய மெட்டு முழு பலத்தோடு வரும். செல்லோ மெட்டும் மறுபடி வரும். எல்லோரும் சேர்ந்து ஒரு நீண்ட கார்டில் முடிப்பார்கள்.

கோரஸ் பாடுவது எந்த மொழி?

எந்த மொழியும் இல்லை. வெறும் அசைகள். நம் ஊர் மத்தளச் சொற்கட்டில் "தகதிமி"க்கு அகராதிப் பொருள் தேட மாட்டோமே, அதே மாதிரிதான். வாயைத் தாளக் கருவியாக ஆக்கியிருக்கிறார் கீசின்.

அட்டையில் ஏன் மாடு?

அட்டை செய்தது ஹிப்னோசிஸ் நிறுவனம், முக்கியமாக ஸ்டார்ம் தோர்கர்சன். அந்தக் காலத்து ராக் அட்டைகள் எல்லாம் வண்ண வண்ண மயக்கக் கோலமாக இருந்தன. அதற்கு நேர்மாறாக, எந்தப் பொருளும் சொல்லாத ஒரு சாதாரணப் படம் வேண்டும் என்று யோசித்தார்கள். தோர்கர்சன் லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பார் என்ற ஊர்ப் பக்கம் வண்டியில் போனார். வயலில் நின்ற மாட்டைப் படம் எடுத்தார். மாட்டின் பெயர் லூலுபெல் 3. ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் ஜாதி, கறுப்பு வெள்ளைத் திட்டு.

முன்னட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. திரும்பிப் பார்க்கும் மாடு மட்டும். கடையில் பெயர் இல்லாத தட்டை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குக் கவலை இருந்திருக்கும். ஆனால் விற்றது, முதலிடமும் வந்தது.

மேடையில் முழுப் படையோடு வாசித்தார்களா?

வாசித்தார்கள். 1970 ஜூன் கடைசியில் பாத் இசை விழாவில் பித்தளையும் கோரஸும் முதல்முறை சேர்ந்தன. அவர்கள் முறை வந்தபோது விடியற்காலை மூன்று மணி ஆகியிருந்தது. ஜூலை 18 அன்று லண்டன் ஹைட் பார்க் இலவசக் கச்சேரியில் புதுப் பெயரோடு வாசித்தார்கள். அந்த ஆண்டே அமெரிக்காவிலும் சில ஊர்களில் உள்ளூர்ப் பித்தளைக் கலைஞர்களையும் பாடகர்களையும் சேர்த்துக்கொண்டு வாசித்தார்கள்.

ஆனால் அது பெரும் பாடு. ஒவ்வோர் ஊரிலும் புதுக் கலைஞர்கள், ஒத்திகைக்கு நேரம் இல்லை. மின்கிட்டார் சத்தத்துக்கு நடுவே பாடகர் குரல் கேட்க வேண்டும், அதற்கான மைக் வசதி அன்று போதாது. செலவும் கட்டுப்படியாகவில்லை. அதனால் பல மேடைகளில் நால்வராக வாசிக்கும் வடிவத்தையே வைத்துக்கொண்டார்கள். 1972க்குப் பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

குப்ரிக் இந்த இசையைக் கேட்டாராமே?

ஆமாம், திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் தன் "ஏ கிளாக்வொர்க் ஆரஞ்ச்" படத்துக்குக் கேட்டார். விரும்பியபடி வெட்டிப் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்றார், குழு மறுத்துவிட்டது. படத்தில் வரும் இசைத்தட்டுக் கடைக் காட்சியில் இந்த ஆல்பத்தின் மாட்டு அட்டை மட்டும் தெரியும்.

இதைச் செய்தவர்களே இதை மட்டமாகப் பேசியிருக்கிறார்களே, அப்புறம் நான் ஏன் கேட்க வேண்டும்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கில்மோர் இதைக் குப்பை என்று சொல்லியிருக்கிறார். யாரும் கேட்காமல் தூக்கிப் போட்டாலும் சரிதான் என்கிற மாதிரி வாட்டர்ஸ் பேசியிருக்கிறார். அவர்கள் அப்படிச் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இதைப் பதிவு செய்த நாட்களின் களைப்பு, சண்டை, ஒலிப்பதிவுக் குறைகள் எல்லாம் அவர்களுக்கு நினைவில் இருக்கும். கேட்கிற நமக்கு அந்தச் சுமை இல்லை.

என் கருத்தைச் சொல்கிறேன். அடுத்த ஆண்டு, 1971இல், இதே நால்வரும் கிட்டத்தட்ட இதே நீளத்தில் "எக்கோஸ்" என்ற படைப்பைக் கொண்டுவந்தார்கள். வெளியாள் யாரும் இல்லை, பித்தளை இல்லை, கோரஸ் இல்லை. ரசிகர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், நானும்தான். ஆனால் அமைதியாகத் தொடங்கி ஏறுவது, நடுவில் ப்ளூஸ் வாசிப்பில் இளைப்பாறுவது, பிறகு இசையை உடைத்து ஓசையாக்குவது, அந்த இடிபாடுகளிலிருந்து மெட்டை மீட்டுக் கொண்டுவருவது என்ற அந்தக் கட்டுமானத்தை அவர்கள் எங்கே பழகினார்கள்? இரண்டையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவதில் தட்டுத் தடுமாறி ஏறிய படிகளில் இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவது தெரியும். ஆட்டம் ஹார்ட் மதரில் உதவியாளராக டேப் ஓட்டிய இளைஞர் ஆலன் பார்சன்ஸ்தான், 1973இல் அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற ஆல்பத்துக்கு ஒலிப்பதிவுப் பொறியாளர்.

படிக்கட்டாக மட்டும் இதை மதிக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. "மதர் ஃபோர்" போன்ற ஓர் ஏற்றத்தை அவர்கள் மறுபடி செய்யவே இல்லை. மனிதக் குரல்களை இவ்வளவு பொறுமையாக அடுக்கிய இடம் அவர்களுடைய வேறு எந்த ஆல்பத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

2008 ஜூனில் லண்டன் கேடகன் ஹாலில் கீசின் இந்தப் படைப்பை இரண்டு நாள் மேடையேற்றினார். இத்தாலியைச் சேர்ந்த ஒரு குழு பிங்க் ஃப்ளாய்டின் இடத்தில் வாசித்தது. இரண்டாம் நாள் கில்மோரே கிட்டாரோடு வந்து சேர்ந்துகொண்டார். மேசனும் பின்னாளில் தொடங்கிய தன் குழுவோடு இதன் ஒரு பகுதியை மேடைகளில் வாசித்திருக்கிறார்.

இரண்டாம் பக்கம் எப்படி?

"இஃப்" வாட்டர்ஸின் பாட்டு. தாழ்ந்த குரலில் தன்னையே விசாரித்துக்கொள்கிற மாதிரி இருக்கும். "சம்மர் 68" ரைட்டுடையது. சுற்றுப்பயணத்தில் வரும் ஒருநாள் உறவின் வெறுமையைப் பாடுவது. மென்மையாகப் போய்க்கொண்டே இருக்கும்போது பித்தளை வந்து கதவைத் தட்டும். ரைட்டின் பாட்டெழுதும் திறமைக்கு இது ஒன்றே போதும், அவர் இன்னும் நிறைய எழுதியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். "ஃபேட் ஓல்ட் சன்" கில்மோரின் அந்திநேரப் பாட்டு.

கடைசித் துண்டு "ஆலன்ஸ் சைக்கடெலிக் பிரேக்ஃபாஸ்ட்". குழுவின் மேடை உதவியாளர் ஆலன் ஸ்டைல்ஸ் காலை உணவு செய்கிறார், முணுமுணுக்கிறார், இடையிடையே வாத்திய இசை வருகிறது. தீக்குச்சி உரசுவது, சட்டியில் பொரிவது எல்லாம் காதருகே கேட்கும். 13 நிமிடம் இதற்கு அதிகம் என்பது என் எண்ணம். ஆனாலும் நடுவில் வரும் கிட்டார் துண்டு அருமை.

தட்டில் கேட்பதா, போனில் கேட்டால் போதுமா?

போனில் தாராளமாகக் கேட்கலாம். முதல் பக்கத்தை மட்டும் இடையில் நிறுத்தாமல், வேறு வேலை இல்லாமல் கேளுங்கள். ஹெட்ஃபோனை விட ஸ்பீக்கர் நல்லது, பித்தளைக்கு அறையின் காற்று வேண்டும்.

பழைய இசைத்தட்டு யாரிடமாவது கிடைத்தால் விடாதீர்கள். அந்தக் காலை உணவுத் துண்டின் முடிவில் சமையலறைக் குழாய் சொட்டும் ஓசை வரும். முதல் பிரிட்டிஷ் பதிப்பில் அந்தச் சொட்டைத் தட்டின் கடைசி வளையத்துக்குள்ளும் ஓடவிட்டிருக்கிறார்கள். ஊசி அந்த வளையத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நாமாக எழுந்து போய் ஊசியை எடுக்கிற வரை குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும்.